மனையில் வேரோடிய புதரை லோடு வண்டி கட்டிப் பிடுங்குவது எப்படி?

ஆள் வைத்து வெட்டினால் அடுத்த மழைக்கே திரும்பத் தழைத்துவிடும். ஜேசிபி கூப்பிட்டால், நம் தெருவுக்குள் நுழைந்தாலும் கேட்டுக்குள் நுழையாது. இத்தனை மணி நேரத்துக்குக் குறைந்து வர மாட்டேன் என்று வேறு சொல்வார்கள். சென்னைப் புறநகரில் ஒன்று ஒன்றரை கிரவுண்டு மனையை வாங்கிப் போட்டுவிட்டு நாலைந்து வருடம் எட்டிப் பார்க்காதவர்களுக்கு நடுவில் ஒரு வழி உண்டு. பிக்கப் வண்டி. மாடம்பாக்கத்தில் எங்கள் மனையில் மண்டிக் கிடந்த சீமைக்கருவேலம், அரளி, காகிதப்பூ மூன்றையும் அப்படித்தான் எடுத்தோம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: புதரைப் பிடுங்குவது வண்டி இல்லை. முக்கால்வாசி வேலையைக் கடப்பாரையும் கோடாலியும் முடித்த பிறகு, கடைசி இழுப்புக்கு மட்டும்தான் வண்டி. இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டால் போவது கிளட்ச்.

எதை இழுக்கலாம், எதைத் தொடக்கூடாது

அடித்தண்டு மணிக்கட்டு அளவிலிருந்து புஜம் அளவு வரை இருந்தால் இழுக்கலாம். தொடை அளவுக்குப் போய்விட்டால் அது புதர் இல்லை, மரம். அதற்கு வேறு ஆள், வேறு கருவி.

சுற்றுச்சுவருக்கு மூன்று நான்கு அடிக்குள் இருப்பதை இழுக்காதீர்கள். வேர் அஸ்திவாரத்துக்கு அடியில் போயிருந்தால் செடியோடு சுவரும் வரும். சம்ப், செப்டிக் டேங்க், போர் குழாய், மெட்ரோ வாட்டர் இணைப்பு எல்லாம் எங்கே போகின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாநகரத்தின் பல தெருக்களில் மின்சாரமும் தரைக்கடியில் கேபிளாகத்தான் வருகிறது. தெருவிலிருந்து மீட்டர் பெட்டி வரை அது எந்தப் பக்கமாக வந்திருக்கும் என்று தெரியாமல் கடப்பாரையை ஓங்காதீர்கள்.

பாம்பு. சும்மா பயமுறுத்தவில்லை, மூடிக் கிடக்கும் மனைகளில் கண்ணாடி விரியன் சகஜம். புதரைக் கையால் விலக்காமல் நீளக் கொம்பால் தட்டிவிட்டு, கால்மணி நேரம் கழித்துக் கத்தியை எடுங்கள். ரப்பர் செருப்போடு வேண்டாம், பூட்ஸ் போடுங்கள். சீமைக்கருவேல முள் செருப்பைத் துளைத்துக்கொண்டு பாதத்தில் ஏறும்.

எப்போது

பொங்கல் முடிந்து மாசி வரை. வடகிழக்குப் பருவமழையின் ஈரம் அடியில் இருக்கும், வண்டி நிற்க மேல்மண் காய்ந்திருக்கும். கத்திரி வெயிலில் இந்த வேலையை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள், மண் பாறையாக இறுகியிருக்கும். வேறு வழியில்லை என்றால் முந்தின நாள் சாயங்காலம் தூரைச் சுற்றி மட்டும் தண்ணீர் விடுங்கள். சக்கரம் நிற்கும் இடம் நனையக்கூடாது. பள்ளிக்கரணை, வேளச்சேரிப் பக்கத்துக் களிமண் என்றால் இன்னும் கவனம் வேண்டும். கொட்டிவாக்கம், நீலாங்கரைப் பக்கம் கடல் மணல்; அங்கே வேர் லேசாக வந்துவிடும், சக்கரம்தான் புதையும். பலகை போட்டுத்தான் ஏற்ற வேண்டும்.

வண்டி, சங்கிலி

குட்டியானை என்கிற டாடா ஏஸுக்கு இந்த வேலை தாங்காது. சின்னச் சக்கரம், எடையும் குறைவு. எருக்கு, ஆமணக்கு மாதிரியானவற்றோடு சரி. பொலிரோ பிக்கப், தோஸ்த் அளவில் ஒன்று பிடியுங்கள். சரக்கு ஏற்ற என்று கூப்பிட்டுவிட்டு, வந்தபின் சங்கிலியை நீட்டாதீர்கள். எங்களுக்கு வந்த டிரைவர் அண்ணன் போனிலேயே கேட்டார்: "இழுக்கலாம் சார். கிளட்ச் போனா யாரு குடுப்பா?" நியாயமான கேள்விதான். முன்கூட்டியே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

இழுவை இருப்பது எஞ்சினில் மட்டும் இல்லை, பின்சக்கரத்தின் மேல் உட்காரும் எடையிலும்தான். இந்த வண்டிகள் பெரும்பாலும் பின்சக்கரத்தால் ஓடுபவை. காலியாக இருந்தால் பின்பக்கம் லேசாகி, சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றும். சிமெண்ட் சாக்கில் மண் நிரப்பி, பின் அச்சுக்கு நேர் மேலே அடுக்குங்கள். பத்து மூட்டை வைத்தாலே வித்தியாசம் தெரியும்.

நைலான் கயிறு வேண்டவே வேண்டாம். அது ரப்பராக நீளும். அறுந்தால் சாட்டையாகத் திரும்பி வந்து ஆளை அடிக்கும். தேங்காய் நார்க் கயிறு பாதியிலேயே போய்விடும். என் ஓட்டு சங்கிலிக்குத்தான், அதுவும் 10 மி.மீ. தடிமன், கண்ணியில் தர எண் 8 அல்லது 80 பொறித்தது. அந்தத் தரத்தில் 10 மி.மீ. சங்கிலிக்குப் பாதுகாப்பான சுமை 3.15 டன். பாரிமுனைப் பக்கக் கடைகளில் கேட்டால் கிடைக்கும். கட்டிட வேலைக்கு விற்கும் சாதாரணச் சங்கிலியை அதே தடிமனில் பாதி விலைக்குக் காட்டுவார்கள், மயங்காதீர்கள். நீளம் இருபதடிக்குக் குறையக்கூடாது. கூடவே இரண்டு டி ஷேக்கிள், அதாவது சங்கிலியைப் பூட்டும் D வடிவ இரும்பு வளையம்.

கட்டும் முறை

கிளைகளைக் கழித்து, தண்டை இரண்டடி விட்டு நிறுத்துங்கள். தரையோடு வெட்டிவிட்டால் அப்புறம் சங்கிலி கட்ட இடம் இருக்காது. தூரைச் சுற்றி ஒன்றரை அடி தள்ளி, முழங்கால் ஆழத்துக்கு வட்டமாகத் தோண்டுங்கள். குறுக்கே தட்டுப்படும் பக்கவேர் ஒவ்வொன்றையும் கோடாலியால் வெட்டுங்கள். சலிப்பான வேலை. ஆனால் இங்கே விட்ட வேர் ஒவ்வொன்றும் பின்னால் கிளட்சில் எரியும்.

அடுத்து ரிம். எல்லோரும் சிக்கிக்கொள்வது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள்.

சங்கிலியைத் தண்டில் கட்டி நேராக வண்டியில் மாட்டினால் இழுப்பு பக்கவாட்டில் போகும். செடி சாயும், பட்டை உரியும், சங்கிலி வழுக்கி மேலே ஏறும், கடைசியில் தண்டு முறியும். வேர் அசைந்தே இருக்காது. சீமைக்கருவேலத்தில் இது படுமோசம். மண்ணுக்குள் இருக்கும் தூர்க்கட்டையிலிருந்து அது மறுபடி துளிர்க்கும், ஒன்று இருந்த இடத்தில் நாலு தண்டு நிற்கும். நமக்கு வேண்டியது மேல்நோக்கிய இழுப்பு.

அதற்கு டயர் கழற்றிய பழைய ரிம் ஒன்று போதும். புதுப்பேட்டையில் வாங்கலாம், இல்லையென்றால் தெருமுனைப் பஞ்சர் கடையில் கேட்டாலே எடுத்துக் கொடுப்பார்கள். லாரி ரிம் கிடைத்தால் உத்தமம். உயரம் கூடக்கூட இழுப்பு செங்குத்தாகும். ரிம்மைத் தூரை ஒட்டி, வண்டி நிற்கும் பக்கத்தில் சக்கரம் மாதிரியே நிமிர்த்தி வையுங்கள். மண்ணில் புதையாமல் இருக்க அடியில் ஒரு பலகை. தண்டின் அடியில் தரையை ஒட்டி இரண்டு சுற்று சுற்றி, இழுக்க இழுக்க இறுகும் சுருக்காக ஷேக்கிள் போட்டுப் பூட்டுங்கள். அங்கிருந்து சங்கிலி ரிம்மின் மேல் ஏறி, டயர் உட்காரும் அந்தப் பள்ளத்தில் படிந்து, வண்டிக்குப் போக வேண்டும். வண்டி நகரும்போது ரிம் உருளும், தூர் மேலே எழும்பும். அரளியின் வழவழப்பான தண்டில் சங்கிலி நிற்காது. வண்டிக்கு எதிர்ப்பக்கத்தில் கோடாலியால் ஒரு காடி வெட்டி, சங்கிலியை அதில் உட்கார வையுங்கள்.

வண்டியில் மாட்ட வேண்டியது சேஸிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், இருக்கும் இழுவைக் கொக்கியில். பம்பர் கழன்று வந்துவிடும். தார்ப்பாய்க் கயிறு கட்டும் பக்கவாட்டுக் கொக்கி ஒரே இழுப்பில் நிமிர்ந்துவிடும். அச்சில் சுற்றினால் பிரேக் குழாய் போகும்.

இழுப்பு

சங்கிலியின் நடுவில் ஈரச் சாக்கைப் போர்த்துங்கள். அறுந்தாலும் வேகம் குறையும். டிரைவரைத் தவிர எல்லோரும் சங்கிலி நீளத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளி நிற்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வருவார்கள், கேட்டைச் சாத்திவிடுங்கள். தூர் வெளியே வரும் கணத்தில் ரிம் எந்தப் பக்கம் எகிறும் என்று சொல்லவே முடியாது.

முதல் கியர். சங்கிலி விறைக்கும் வரை ஊர்ந்து போய், பிறகு மெல்ல அழுத்தம். பின்னால் வந்து வேகமெடுத்து வெடுக்கென்று இழுப்பது பார்க்க வீரமாக இருக்கும். சங்கிலி அறுவதும் சேஸிஸ் கோணுவதும் அப்படித்தான். சக்கரம் சுற்ற ஆரம்பித்தால் உடனே நிறுத்துங்கள். வண்டியைப் பின்னுக்கு விட்டு, சங்கிலி தொய்ந்த பிறகு கிட்டே போய்ப் பாருங்கள்: மண்ணில் விரிசல் ஓடிய பக்கம் எங்கேயோ ஒரு வேர் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதை வெட்டிவிட்டு மறுபடி இழுங்கள். சங்கிலி விறைப்பாக இருக்கும்போது கோடாலியோடு யாரும் கிட்டே போகக்கூடாது. இதில் சமரசமே இல்லை.

உள்ளே பட் பட்டென்று வேர் அறும் சத்தம் கேட்கும். தூர் பாதி எழும்பி ஆணிவேர் மட்டும் நிற்கும்போது, அதையும் இழுத்தே தீருவேன் என்று அடம் பிடிக்காதீர்கள். சங்கிலியைத் தளர்த்திவிட்டு, தரைக்கு ஓரடிக்குக் கீழே வெட்டிவிட்டால் போதும்.

சீமைக்கருவேலத்தை விறகுக்கு எடுத்துக்கொள்வார்கள். அரளியை மட்டும் எரிக்காதீர்கள், ஆடு மாடு வாய் வைக்கும் இடத்திலும் போடாதீர்கள். அதன் எல்லாப் பாகமும் நஞ்சு, புகையும்கூட.

பிற்சேர்க்கை

இதைப் படித்துவிட்டு இரண்டு மூன்று பேர், சொந்தக் காரிலேயே இழுக்கலாமா என்று கேட்டிருந்தார்கள். வேண்டாம். பெரும்பாலான கார்கள் முன்சக்கரத்தால் ஓடுபவை. பின்னால் கட்டி இழுக்கும்போது எடை பின்பக்கம் சாய்ந்து, ஓட்டும் சக்கரத்துக்கே பிடி போய்விடும். காரில் இருக்கும் இழுவை வளையம், நின்றுபோன காரை உருட்டிக்கொண்டு போகத்தான்.

மடிப்பாக்கத்திலிருந்து ஒருவர் டிராக்டர் கிடைக்கிறது என்றார். தாராளமாக. ஆனால் சங்கிலியைப் பின்னால் தாழ்வான கொக்கியில்தான் மாட்ட வேண்டும். உயரத்தில் மாட்டி இழுத்தால் முன்சக்கரம் தூக்கி, வண்டி ஓட்டுபவர் மேலேயே மல்லாந்துவிடும். பழகின ஓட்டுநர் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, நான் எழுத விட்டது. வேலை முடிந்ததும் வண்டி தெருவில் இறங்குவதற்கு முன் நாலு டயரையும் சுற்றிப் பார்த்து முள்ளைப் பிடுங்கிவிடுங்கள். கூலி பேசும்போது பஞ்சர் யார் கணக்கு என்பதையும் சேர்த்தே பேசிவிடுவது நல்லது.