காரைக்குடியிலிருந்து ஒரு சூப்பர் ஹீரோ குழு: அனிமேஷன் தொடரின் முதல் 90 நொடி

சூப்பர் ஹீரோ குழுவை வைத்து அனிமேஷன் தொடர் செய்ய ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் உடையிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். முகமூடி, முதுகில் பறக்கும் துணி, மார்பில் ஒரு சின்னம். நான் கணக்கிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வேன்.

அரை மணி நேரத் தொடரில் விளம்பரம் போக மிஞ்சுவது சுமார் 22 நிமிடம். நொடிக்கு 24 பிரேம் (திரையில் வந்துபோகும் சட்டம்) என்றால் 31,680 பிரேம். ஒரு படத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தி வைப்பது வழக்கம் என்பதால் அது பாதியாகி 15,840 படம் ஆகிறது. இது ஒரே ஒரு பாத்திரம் இடைவிடாமல் அசைந்தால் வரும் கணக்கு. நான்கு பேர் அசைந்தால் நாலு மடங்கு. தனி ஹீரோ தொடரை விடக் குழுத் தொடர் கடினமாவது இங்கேதான். அதனால் திரையில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதைக் கதை எழுதும்போதே முடிவு செய்துவிட வேண்டும். பெரிய ஸ்டுடியோக்களும் இப்படித்தான் செய்தன. 2001இல் வந்த ஜஸ்டிஸ் லீக் தொடரில் குழு உறுப்பினர் ஏழு பேர். ஆனால் பல கதைகளில் அவர்களில் சிலர்தான் வருவார்கள்.

முதல் முயற்சிக்கு 90 நொடி போதும். 2,160 பிரேம், இரண்டிரண்டாக நிறுத்தினால் 1,080 படம். ஒருவர் செய்து முடிக்கக்கூடிய வேலை இது. காரைக்குடிக்குப் படம் எடுப்பது ஒன்றும் புதிதல்ல. 1947இல் வெளியான நாம் இருவர் இந்த ஊரில் ஏவி.மெய்யப்பன் நடத்திய ஸ்டுடியோவில்தான் உருவானது. இன்று அதற்கு ஒரு கணினியும் ஒரு வரைபலகையும் இருந்தால் போதும்.

குழுவை அமைப்பது

ஒவ்வொருவருக்கும் என்ன சக்தி என்று எழுதும் முன், என்ன முடியாது என்று எழுதுங்கள். எல்லாம் முடிகிறவர் ஒருவர் இருந்தால் மற்ற மூவருக்கு வேலை இல்லை. வேலை இல்லாதவரையும் வரைந்தாக வேண்டும் என்பது அதைவிடக் கொடுமை. ஒரு மாதிரிக் குழு சொல்கிறேன். ஊரிலிருந்தே எடுத்தது.

மெய்யம்மை, ஆத்தங்குடியில் பூக்கல் (பூ வேலை செய்த தரைக்கல்) செய்யும் வீட்டுப் பெண். அங்கே கண்ணாடிப் பலகை மேல் அச்சை வைத்து, வண்ண சிமென்ட் குழம்பை ஊற்றி, பின்னால் மணலும் சிமென்டும் நிரப்பி, தண்ணீரில் ஊறப்போட்டுத்தான் கல் எடுக்கிறார்கள். இவள் கால் வைத்தால் தரையிலுள்ள பூக்கள் நகர்ந்து எதிரியின் காலைப் பிடிக்கும். பூக்கல் இல்லாத மண்தரையில் இவளால் ஒன்றும் செய்ய முடியாது.

சாத்தையா, சிராவயல் மஞ்சுவிரட்டில் வளர்ந்தவன். காளையின் பலம் அவனுக்கு. ஆனால் ஓட ஆரம்பித்தால் நேர்கோட்டில்தான் போவான், திரும்பத் தெரியாது.

உமையாள், சிக்ரி என்ற மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் குடியிருப்பில் வளர்ந்த பெண். கையிலிருந்து மின்சாரம் பாயும், ஒரு தடவைதான். மறுபடி சார்ஜ் ஏற வேண்டும்.

நாலாவது ஆள்தான் எனக்கு மிகவும் பிடித்தவர்: சாவி ஐயா. வயது 78. பங்காளிகள் சென்னை, சிங்கப்பூர் என்று போய்விட, பூட்டிக்கிடக்கும் வீடுகளின் சாவிக்கொத்து அவரிடம் இருக்கிறது. காரைக்குடியில் ஒரு கதவைத் திறந்தால் கானாடுகாத்தானில் இன்னொரு வீட்டுக்குள் நுழைவார். ஓட முடியாது, சண்டை போட முடியாது. ஆனால் கதவு திறந்தால் இடம் மாறிவிடுகிறது பாருங்கள், நடந்து போவது, வண்டியில் போவது எதையுமே நீங்கள் வரைய வேண்டியதில்லை. சக்தியைத் தேர்ந்தெடுக்கும்போது அது எத்தனை படத்தை மிச்சப்படுத்தும் என்றும் பாருங்கள். மெய்யம்மையின் தரைப்பூக்களும் அப்படித்தான். ஒருமுறை வரைந்த பூவை நகர்த்தினாலே சண்டைக்காட்சி கிடைக்கும்.

வில்லனுக்கும் நியாயமான ஒரு வலி வேண்டும். நம் வில்லன் தூண்விழுங்கி, பழைய வீடுகளின் பர்மா தேக்குத் தூண்களைப் பெயர்த்து விற்கிறவன். அவனும் ஒரு வீட்டின் பங்காளிதான். ஒழுகும் கூரையைச் சரிசெய்யக் காசில்லாமல், உதவி கேட்டு யாரும் வராமல், தன் வீடு கண்முன்னே இடிந்ததைப் பார்த்தவன். செட்டிநாட்டில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவையும் இரண்டு பக்கத்துக்குள் எழுதி வையுங்கள். தொடர் வளர வளர மாற்றாமல் வைத்துக்கொள்ள வேண்டிய காகிதம் அது.

உருவம்

நால்வரையும் ஒரே வரிசையில் வரைந்து உள்ளே முழுக்கக் கறுப்பு பூசிவிடுங்கள். வெறும் நிழலைப் பார்த்தே யார் யார் என்று சொல்ல முடிகிறதா? சாத்தையா சதுரம், உமையாள் மேலே அகன்ற முக்கோணம், மெய்யம்மை வட்டங்கள், ஐயா கொஞ்சம் வளைந்த ஒற்றைக் கோடு. இது தேறினால்தான் முகத்துக்குப் போக வேண்டும். பிறகு ஒவ்வொருவருக்கும் மாடல் ஷீட்: முன்பக்கம், முக்கால் பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம். நால்வரின் உயரத்தையும் ஒப்பிட்டுக் காட்டும் படம் ஒன்றும் வேண்டும்.

மெய்யம்மைக்குக் கண்டாங்கிச் சேலை கட்டத்தான் மனம் போகும். கட்டுங்கள், ஆனால் கட்டங்களை விட்டுவிடுங்கள். துணி மடியும்போதெல்லாம் கட்டமும் மடிய வேண்டும், ஒவ்வொரு படத்திலும். சேலையின் உடலுக்கு அரக்குச் சிவப்பு ஒரே நிறமாக, கரை மட்டும் அகலமாக மஞ்சளும் கறுப்பும். பார்க்கிறவர்கள் கண்டாங்கி என்று புரிந்துகொள்வார்கள். ஐயாவின் கொத்தில் மூன்று சாவி போதும்.

இன்னொரு பழைய தந்திரம். செலவைக் குறைக்க ஹன்னா பார்பெரா ஸ்டுடியோ, உடலை அசையாமல் வைத்துத் தலையை மட்டும் அசைத்தது. ஒட்டு தெரியாமலிருக்க யோகி கரடிக்குக் கழுத்தில் காலர் மாட்டினார்கள். 1973இல் சூப்பர் ஃப்ரெண்ட்ஸ் என்ற ஹீரோ குழுத் தொடரைச் செய்ததும் அதே ஸ்டுடியோதான். நமக்குக் காலர் வேண்டாம். ஐயாவுக்குத் துண்டு, மெய்யம்மைக்கு அட்டிகை, சாத்தையாவுக்குக் கழுத்தில் கட்டிய கைக்குட்டை.

வீடு

செட்டிநாட்டு வீட்டில் முகப்பிலிருந்து பார்த்தால் வளவு (நடு முற்றம்), அதற்குப் பின்னுள்ள இரண்டாங்கட்டு எல்லாம் தாண்டிப் பின்வாசல் வரை நேராகத் தெரியும். பார்வைக்கோடுகள் எல்லாம் ஒரே புள்ளியில் போய்ச் சேருவதால் புதிதாக வரைகிறவருக்கு இதைவிட நல்ல பின்னணி கிடைக்காது. முன் தூண்கள், வளவு, பின்வாசல் என்று மூன்று லேயராகப் பிரித்து வரையுங்கள். கேமரா நகரும்போது முன் தூண் வேகமாகவும் பின்வாசல் மெதுவாகவும் நகர்ந்தால் ஆழம் வந்துவிடும்.

1992இல் வந்த பேட்மேன் அனிமேஷன் தொடரில் பின்னணிகளைக் கறுப்புத் தாளில் வரைந்தார்கள். இருட்டு ஏற்கெனவே தாளில் இருக்கும், வெளிச்சத்தை மட்டும் தீட்டினால் போதும். இரவில் வளவுக்குள் மேலிருந்து விழும் நிலா வெளிச்சத்துக்கு இந்த முறை அப்படியே பொருந்தும். மாதிரிக்குப் புகைப்படம் எடுக்கும் முன் வீட்டுக்காரரிடமோ காவலுக்கு இருப்பவரிடமோ கேட்டுவிட்டு எடுங்கள். தங்கள் வீடு எங்கே, எப்படிப் படத்தில் வரும் என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு உரிமை இருக்கிறது.

குரலும் அனிமேட்டிக்கும்

கதை 90 நொடிக்கு இப்படிப் போகலாம். தூண்விழுங்கி தூணில் கைவைக்கிறான். ஐயா கதவைத் திறக்கிறார். மெய்யம்மை தரையால் பிடிக்கிறாள், அவன் தெருமண்ணுக்குத் தாவி விடுகிறான். சாத்தையா பாய்கிறான், வில்லன் விலக, நேரே ஊருணிக்குள் போய் விழுகிறான். உமையாள் தன் ஒரே மின்னலைத் தண்ணீரில் விடப் போய், சாத்தையா உள்ளே இருப்பதால் நிறுத்திக்கொள்கிறாள். தூண்விழுங்கி தப்பிக்கிறான், தூண் மிஞ்சுகிறது. நால்வரும் சேர்ந்து நிற்பது ஒரே ஷாட், அதுவும் அசையாமல்.

இதை ஸ்டோரிபோர்டாகச் சின்னக் கட்டங்களில் கிறுக்கி, குரலைப் பதிந்து, எடிட்டிங்கில் அடுக்கினால் அனிமேட்டிக். குரல் முதலில், வாயசைவு அப்புறம். வளவில் உட்கார்ந்து பதியாதீர்கள், எதிரொலிக்கும். மெத்தையும் துணியும் நிறைந்த சின்ன அறை நல்லது. ஊர்ப்பேச்சு அப்படியே வரட்டும்: உமையாள் அப்பாவை அப்பச்சி என்றே கூப்பிடட்டும்.

தமிழுக்கு ஆறு வாய் வடிவம் போதும். ப, ம வந்தால் உதடு ஒட்ட வேண்டும், இதில் தவறினால் உடனே கண்ணில் படும். வ வந்தால் கீழுதட்டில் பல் படும். அ, ஆ திறந்த வாய். இ, எ அகன்ற வாய். உ, ஒ குவிந்த வாய். மற்ற எல்லாவற்றுக்கும் பாதி திறந்த வாய். அனிமேட்டிக்கைக் கதை தெரியாத ஒருவருக்குப் போட்டுக் காட்டுங்கள். அவருக்குக் குழம்பிய இடத்தை இப்போதே திருத்துங்கள். வரைந்தபின் திருத்தினால் வாரங்கள் போய்விடும்.

அசைவு

வரைந்து அசைக்க ஓபன்டூன்ஸ் மென்பொருள் அல்லது பிளெண்டர் மென்பொருளின் கிரீஸ் பென்சில், இரண்டில் ஒன்றை எடுங்கள். இரண்டும் இலவசம். ஓபன்டூன்ஸ் 2016 முதல் திறந்த மென்பொருள், அதன் மூலமான டூன்ஸ் ஜிப்லி ஸ்டுடியோவில் பயன்பட்டது. முதலில் அசைவின் முக்கிய நிலைகளான கீ போஸ்களை மட்டும் போட்டு, நேரம் சரியா என்று ஓட்டிப் பார்த்து, அப்புறம் நடுப்படங்களை நிரப்புங்கள். இரண்டு அடிகள் கொண்ட ஒரு வாக் சைக்கிளுக்கு, அதாவது திரும்பத் திரும்ப ஓட்டும் நடைக்கு, 12 படம். சாத்தையா பாயும் இரண்டு மூன்று நொடிக்கு மட்டும் பிரேமுக்கு ஒரு படம் வரையுங்கள். மிச்சம் பிடித்த படங்களைச் செலவழிக்க வேண்டிய இடம் அது.

சத்தம், இசை எல்லாம் ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் சேர்க்கலாம். சாவிக்கொத்துச் சத்தத்தை நிஜச் சாவியை ஆட்டியே பதியுங்கள். 1920க்கு 1080 பிக்சல் அளவில் வெளியிடுங்கள்.

அப்புறம் தெருப்பிள்ளைகளைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டி, ஒவ்வொரு ஹீரோவாலும் என்ன செய்ய முடியாது என்று கேளுங்கள். யாருடையதைச் சொல்லத் திணறுகிறார்களோ, இரண்டாவது கதையை அந்த ஆளை நடுவில் வைத்து எழுதுங்கள்.