உறைபனியில் கருகிய உருளைக்கிழங்கு மீண்டும் துளிர்த்தது

ஊட்டி அருகே பள்ளத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்தில், ஜனவரியில் நட்ட உருளைக்கிழங்கு முளைத்து வந்த நேரத்தில் உறைபனி விழுந்தது. வெயில் ஏறியதும் இலைகள் வெந்த கீரைபோலத் தொங்கிக் கருத்துவிட்டன. மேட்டு நிலத்துச் செடிகளுக்கு ஒன்றுமில்லை. குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தில்தான் தேங்கும்.

பிடுங்கிவிட்டு மறுபடி நடச் சொன்னார்கள். விதைக்கிழங்கைத் தோண்டிப் பார்த்தேன்; கெட்டியாகவே இருந்தது. ஆகவே தண்டுக்கு மண் அணைத்து, அளவாக நீர் பாய்ச்சினேன். ஈரமண் பகல் வெப்பத்தைக் கூடுதலாகத் தேக்கி, இரவில் மெல்ல விடும். வானம் தெளிந்து காற்றும் அடங்கிய இரவுகளில் மட்டும் காய்ந்த பெரணித் தழையால் மூடி, காலையில் எடுத்தேன். (அதற்கு ஆள் பிடிப்பதுதான் பெரும்பாடு!) அடியிலிருந்து புதுத் துளிர் கிளம்பியது. அறுவடைதான் சற்றுத் தள்ளிப்போனது.