முதலாமாண்டு மாணவர்களுக்கான துணைவேந்தர் உரையை எழுதுவது எப்படி

ஒரு பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் ஆண்டு முழுவதும் எத்தனையோ மேடைகளில் பேசினாலும், புதிய மாணவர்கள் அனைவரும் ஒரே அரங்கில் அமர்ந்து அவர் குரலைக் கேட்பது பெரும்பாலும் ஒரே ஒரு நாளில்தான். பட்டமளிப்பு விழாவில் வேந்தரும் சிறப்பு விருந்தினரும் முன்னிற்பார்கள். முதலாமாண்டுத் தொடக்க விழாவோ முழுக்கத் துணைவேந்தருக்கு உரியது. அந்த உரையின் வரைவைப் பல ஆண்டுகள் எழுதிக்கொடுத்தவன் என்ற முறையில், இனி எழுதப்போகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

என் தொடக்ககால வரைவு ஒன்றில் "இவ்வளாகம் உங்கள் இரண்டாவது வீடு" என்றொரு வரி இருந்தது. அது மேடையில் வாசிக்கப்பட்ட அன்று மாணவியர் விடுதியில் மூன்றாவது நாளாகத் தண்ணீர் வரவில்லை. பின்வரிசைகளில் எழுந்த முணுமுணுப்பு மேடைவரை கேட்டது. அன்று முதல் ஒரே விதியைக் கடைப்பிடித்து வருகிறேன்: வளாக வாழ்வைப் பற்றிய ஒவ்வொரு வாக்கியத்தின் பின்னாலும், மறுநாள் காலையில் ஒரு மாணவர் நடந்துபோய்ச் சரிபார்க்கக்கூடிய ஓர் இடமோ, ஒரு பொறுப்பாளரோ, ஒரு தேதியோ இருக்க வேண்டும்.

ஆகவே எழுத்து வேலை மேசையில் தொடங்குவதில்லை. விழாவுக்கு இரண்டு வாரம் முன்பே விடுதிகளுக்கும் மெஸ்ஸுக்கும் நூலகத்துக்கும் சுகாதார மையத்துக்கும் நேரில் சென்று வாருங்கள். நூலகம் இரவு எத்தனை மணிவரை திறந்திருக்கிறது, நள்ளிரவில் காய்ச்சல் கண்டால் யாரை எழுப்ப வேண்டும், கடைசிப் பேருந்து வாயிலை விட்டு எப்போது புறப்படுகிறது என்பவற்றை அங்கே பணிபுரிபவர்களிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாமாண்டு மாணவர்கள் ஐந்தாறு பேரிடம், முதல் மாதத்தில் எதைத் தெரியாமல் தவித்தீர்கள் என்று விசாரியுங்கள். அவர்கள் விடைகளில்தான் உரையின் பாதி இருக்கிறது.

வளாகச் சமூகத்தைக் குறிக்க "நாம் அனைவரும் ஒரே குடும்பம்" என்று எழுதும் வழக்கத்தைக் கைவிட வேண்டுமென்பது என் உறுதியான கருத்து. குடும்பத்துக்குள் நடந்ததை வெளியில் சொல்லக்கூடாது என்று கேட்டு வளர்ந்த பிள்ளைகளிடம் இந்தச் சொல், தெரிந்தோ தெரியாமலோ, புகார் கொடுக்காதே என்று சொல்லிவிடுகிறது. பல்கலைக்கழகம் என்பது உரிமைகளும் விதிகளும் உள்ள ஒரு பொதுவிடம். முன்பின் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் பொறுப்பேற்றுக்கொள்ளும் இடம் என்று சொன்னாலே போதும், அது அன்பற்ற சொல்லாகாது.

அந்தப் பொறுப்பை ஓர் உரைக்குள் எப்படிக் கொண்டுவரலாம் என்பதற்கு ஃப்ரீமேன் ஹ்ரபோவ்ஸ்கி நல்ல எடுத்துக்காட்டு. 1992 முதல் 2022 வரை, அமெரிக்காவில் பால்டிமோருக்கு அருகிலுள்ள மேரிலாந்துப் பல்கலைக்கழக வளாகத்தின் தலைவராக இருந்தவர் அவர். நம்மூர்த் துணைவேந்தருக்கு நிகரான அப்பதவியை அங்கே பிரசிடென்ட் என்பார்கள். உன் இடப்பக்கம் பார், வலப்பக்கம் பார், உங்களில் ஒருவர் பட்டம் பெறப்போவதில்லை என்று முதல் நாளிலேயே மாணவர்களை அச்சுறுத்தும் பழைய வழக்கம் அமெரிக்கக் கல்லூரிகளில் இருந்தது. அவர் அதைத் திருப்பிப்போட்டு, மூவருமே பட்டம் பெற வேண்டும் என்பதுதான் எங்கள் நோக்கம் என்றார். அறிவியல் படிக்க வரும் கறுப்பின மாணவர்களைக் குழுவாகச் சேர்த்துப் படிக்கவைத்த மேயர்ஹாஃப் உதவித்தொகைத் திட்டம் ஏற்கெனவே அவ்வளாகத்தில் நடந்துகொண்டிருந்ததால், அந்த வாக்கியம் வெறும் வாக்கியமாக நிற்கவில்லை. அதே வாக்கியத்தை, துணைப் பாடவகுப்போ மூத்த மாணவர் வழிகாட்டலோ இல்லாத ஒரு வளாகத்தில் கடன் வாங்கிப் பேசினால் அது பொய்யாகிவிடும்.

ராகிங் பற்றிய பகுதியைச் சடங்காக எழுதிவிடாதீர்கள். 1996 இல் சிதம்பரத்தில் முதலாமாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் மூத்த மாணவரால் கொல்லப்பட்டார். கொல்லப்பட்டவர், அப்போது சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவரின் மகன். அதன் பிறகே தமிழ்நாட்டில் 1997 ஆம் ஆண்டின் ராகிங் தடைச் சட்டம் வந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி மாணவரும் பெற்றோரும் உறுதிமொழிப் பத்திரம் தருகிறார்கள். பலர் படிக்காமலே கையெழுத்திடுகிறார்கள். எனவே துணைவேந்தர் தம் வாயால் மூன்றைச் சொல்ல வேண்டும்: 1800-180-5522 என்ற தேசிய உதவி எண், வளாகத்தில் புகாரைப் பெறும் அலுவலரின் பெயர், புகார் வந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் என்ன நடக்கும் என்பது. எண்ணை இருமுறை, நிறுத்திச் சொல்லும்படி வரைவிலேயே குறித்துவையுங்கள். பேசி முடித்ததும் அந்த அலுவலர் எழுந்து நின்று தம் முகத்தைக் காட்டட்டும்.

அரங்கில் பெற்றோரும் இருக்கிறார்கள். விடியற்காலைப் பேருந்தில் வந்து, பெட்டியையும் வாளியையும் விடுதி வாசலில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தவர்கள் பலர். ஆகவே உரையைத் தமிழிலேயே சிந்தித்து எழுதுங்கள். பிற மாநில மாணவர்களுக்காக ஆங்கிலச் சுருக்கம் ஒன்றைத் தனியே தரலாம். ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே போய், சிரிக்கவைக்க மட்டும் தமிழுக்கு வருவது தமிழ்வழியில் படித்துவந்த பிள்ளையைப் புண்படுத்தும். முதல் பட்டதாரிகளை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டவைப்பதும் வேண்டாம். நோக்கம் நல்லதே, ஆனால் முதல் நாளிலேயே முன்பின் அறியாதவர்கள் முன்னிலையில் தன் வீட்டு நிலையை வெளிப்படுத்த ஒரு மாணவியைக் கட்டாயப்படுத்த நமக்கு உரிமையில்லை.

விளிப்பு நீளக்கூடாது. மேடையில் இருப்போரை வரவேற்புரையில் ஏற்கெனவே பெயர் சொல்லி அழைத்திருப்பார்கள். துணைவேந்தர் மாணவர்களையே முதலில் விளிக்கலாம்.

நிறுவனத்தின் வரலாற்றைச் சொல்ல ஒரு பத்தி போதும். நிறுவிய ஆண்டு, ஏக்கர் கணக்கு, தரவரிசை ஆகியவை கையேட்டிலேயே உள்ளன. அதற்குப் பதிலாக ஆவணக் காப்பகத்திலிருந்து ஒரே ஒரு பொருளை எடுத்துப் பேசுங்கள். ஹார்வர்டின் முதல் பெண் தலைவரான ட்ரூ ஃபாஸ்ட் 2007 இல் பொறுப்பேற்றபோது, முன்னாள் தலைவர் ஜேம்ஸ் கோனன்ட் அடுத்த நூற்றாண்டில் அப்பதவியில் இருப்பவருக்கென 1951 இல் எழுதி முத்திரையிட்டு வைத்த கடிதத்தைத் தம் உரையில் எடுத்துக்காட்டினார். ஒரு கடிதத்தால் அரை நூற்றாண்டு அரங்குக்குள் வந்துவிட்டது. வரலாற்றில் கறை இருந்தால் அதையும் விட்டுவிடாதீர்கள். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத் தலைவராக இருந்த ரூத் சிம்மன்ஸ், அடிமை முறையோடு தம் நிறுவனத்துக்கு இருந்த தொடர்பை ஆராய 2003 இல் குழு அமைத்தார். அறிக்கை 2006 இல் வெளிவந்தது. குத்தகை விவசாயிகளின் மகளான அவர் அப்பணியைத் தாமே தொடங்கிவைத்தது, எந்தப் புகழுரையையும்விட அந்நிறுவனத்தின்மேல் எனக்கு மதிப்பைத் தந்தது.

மனநலத்தைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்தி ரகசியம்போல் எழுத வேண்டாம். ஆலோசகரின் அறை எங்கே, முன்பதிவு தேவையா, பேசியது வீட்டுக்குத் தெரியுமா தெரியாதா என்று நேராகச் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உரை 12 நிமிடத்தைத் தாண்டக்கூடாது. துணைவேந்தரே ஒருமுறை வாய்விட்டுப் படிக்கும்போது, அவர் தடுமாறும் இடங்களில் அவர் நாவுக்கேற்பச் சொல்லை மாற்றுங்கள். உரையிலுள்ள வாக்குறுதிகளை ஒரு தாளில் தனியே எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே பொறுப்பாளரின் கையொப்பத்தை விழாவுக்கு முன்பே பெற்றுவிடுங்கள். கையொப்பம் கிடைக்காத வாக்குறுதியை வரைவிலிருந்து நீக்கிவிட வேண்டும். அந்தத் தாளைக் கோப்பில் வைத்திருந்து, அடுத்த ஆண்டு வரைவைத் தொடங்கும் நாளில் முதலில் எடுத்துப் பாருங்கள். நிறைவேறாதவை எவையோ, அவற்றுக்கான விளக்கமே புதிய உரையின் முதல் பத்தி.