பெயரை மாற்றினால் காணுமா? ரசிகர் கதையை விற்பனை நாவலாக்கும் முன் செய்யவேண்டியவை

“அக்கா, பெயர்களை மாத்திப்போட்டுப் புத்தகமாப் போட்டால் காணும்தானே?” கொழும்பில் புதிதாக எழுத வந்திருக்கும் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பிடித்த நாவலின், சீரியலின் பாத்திரங்களை வைத்து வாட்பேட், பிரதிலிபி போன்ற இணையக் கதைத் தளங்களில் தொடராக எழுதியிருப்பார்கள். வாசகரும் சேர்ந்திருப்பார்கள். இனி அதை அச்சில் பார்க்கவேண்டும், வெள்ளவத்தையில் பூபாலசிங்கம் புத்தகசாலைத் தட்டில் பார்க்கவேண்டும். நல்ல ஆசைதான். ஆனால் பெயரை மாற்றினால் மட்டும் காணாது. ஃபேன் ஃபிக்‌ஷன் என்கிற ரசிகர் கதை பல பேருடைய உழைப்பில் வளர்வது. அதற்கு விலை போடும்போது அவர்களுக்கெல்லாம் நாம் பதில் சொல்லவேண்டியிருக்கிறது.

‘காணும்’ என்பவர்கள் வழக்கமாக இரண்டு உதாரணம் காட்டுவார்கள். ‘ட்வைலைட்’ நாவலின் ரசிகர் கதையாக இணையத்தில் இலவசமாக வந்த ஒன்று, பெயர்கள் மாறி 2011இல் ‘ஃபிஃப்டி ஷேட்ஸ் ஒஃப் கிரே’ என்ற நாவலாயிற்று. ஒன் டைரக்‌ஷன் பாடகர்களை வைத்து அன்னா டொட் 2013இல் வாட்பேடில் தொடங்கிய ‘ஆஃப்டர்’, 2014இல் அச்சுக்கு வந்தது. ‘ட்வைலைட்’ ஆசிரியர் வழக்குப் போடவில்லை என்பது உண்மை. வழக்கு வராதது வேறு, நியாயமாக நடந்துகொண்டது வேறு. நான் இங்கே சொல்லப்போவது பெரும்பாலும் இரண்டாவதைப் பற்றி.

படி 1: மூலம் யாருடையது என்று பாருங்கள்

இராமாயணம், பாரதம், சிலப்பதிகாரம் என்றால் யாரிடமும் கேட்கத் தேவையில்லை. புதுமைப்பித்தன் ‘சாபவிமோசன’த்தில் அகலிகையை எடுத்தார். சீதையைத் தீக்குளிக்கச் சொன்ன செய்தி கேட்டு அவள் மறுபடி கல்லாகிப் போகிறாள். கதை ஊருக்கெல்லாம் பொது, அந்த முடிவு அவருடையது.

மறைந்த எழுத்தாளர் என்றால் ஆண்டைக் கணக்குப் பாருங்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுத்தாளர் இறந்து 70 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு. இந்தியாவில் 60. ‘பொன்னியின் செல்வன்’ எழுதிய கல்கி 1954 டிசம்பரில் மறைந்தார். 70 என்று எண்ணினாலும் 2024 முடிவோடு காலம் தீர்ந்தது. ஆகவே அந்த நாவலில் கோடிக்கரையிலிருந்து பூங்குழலி படகு தள்ளிவரும் இதே தீவில் இருந்துகொண்டு அவளைப் பற்றி நீங்கள் நாவல் எழுதலாம், விற்கலாம். ஒரு கவனம் மட்டும்: அந்த நாவலை வைத்து மணிரத்னம் எடுத்த படங்கள் 2022இலும் 2023இலும் வந்தவை. படத்துக்கென்றே எழுதிய வசனமோ படத்தில் மட்டும் உள்ள மாற்றமோ உங்கள் கதைக்குள் வந்திருந்தால் அது கல்கியுடையது அல்ல, எடுக்கவும் முடியாது. நூலைத் திரும்ப வாசித்து, எது எங்கிருந்து வந்தது என்று பிரித்துக்கொள்ளுங்கள். குந்தவையும் அருள்மொழியும் வரலாற்று மனிதர்கள். பூங்குழலி கல்கி படைத்தவள். உரிமைக்காலம் முடிந்துவிட்டது என்பதற்காகக் கல்கியின் பெயரைச் சொல்லாமல் அவளை எடுப்பது என் மனதுக்குச் சரியில்லை.

உயிரோடிருக்கும் எழுத்தாளரின் பாத்திரம் என்றால் அடுத்த இரண்டு படிகளும் கட்டாயம். வெளிநாட்டு எழுத்தாளர்தானே என்று விடமுடியாது. பதிப்புரிமையை நாடுகளுக்கிடையே காக்கும் பேர்ன் உடன்படிக்கையில் இலங்கையும் சேர்ந்திருப்பதால் அவருடைய உரிமை இங்கேயும் செல்லும்.

நடிகர், பாடகர், கிரிக்கெட் வீரர் போன்ற உண்மை மனிதர்களை வைத்து எழுதியிருந்தால் நான் இன்னும் கடுமையாகச் சொல்வேன். அவர்களுக்குக் குடும்பம் இருக்கிறது. வாசிப்பவருக்கு அந்த ஆள் யாரென்று தெரிகிறவரை மாற்றம் போதாது. தெரியவேண்டும் என்றே ஒரு குறிப்பை விட்டுவைத்து விற்பது அந்த மனிதரின் முகத்தை விற்பதுதான்.

படி 2: உரித்துப் பாருங்கள்

மெனக்கெடவேண்டிய இடம் இது. ஒரு கற்பனை உதாரணம் சொல்கிறேன். மூல நாவலில் கோபக்கார முதலாளி, அவனிடம் வேலைக்கு வரும் பெண், யாருக்கும் தெரியாத பதிவுத் திருமணம். உங்கள் ரசிகர் கதையில் அதே இருவரும் கொழும்புக்கு வருகிறார்கள். கம்பனி கோட்டையில் இருக்கிறது. அவள் ஹம்டன் ஒழுங்கையில் அம்மாவோடு இருக்கிறாள். அம்மா விடிய எழும்பி இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறவர்.

ஒரு தாளை எடுத்து மூலத்திலிருந்து வந்த எல்லாவற்றையும் எழுதுங்கள். பெயர்களோடு நிற்காதீர்கள். அவன் கோபப்படும் விதம், அவளுடைய குறும்பு, கல்யாணம் வெளியே தெரியவரும் வரிசை, வாசகர் மனப்பாடமாகச் சொல்லும் அந்த ஒரு வசனம் எல்லாம் வரட்டும். பிறகு அவற்றையெல்லாம் கதையிலிருந்து எடுத்துவிட்டு மிச்சம் என்ன என்று பாருங்கள். இந்த உதாரணத்தில் மிஞ்சுவது இடியப்பம் அவிக்கும் அம்மா. அப்படியென்றால் உங்கள் நாவல் அந்த அம்மாவிடம்தான் இருக்கிறது. அவரைச் சுற்றிக் கதையைத் திரும்பக் கட்டுங்கள். முதலாளி தேவையா என்றுகூட யோசிக்கலாம். ஒன்றுமே மிஞ்சவில்லை என்றால் அதை ரசிகர் கதையாகவே விட்டுவிடுங்கள். அதில் குறைவு எதுவும் இல்லை, விலை மட்டும் போடாதீர்கள்.

ரசிகர் கதைக்கு ஒரு பெரிய வசதி உண்டு. “அவன் வழக்கம்போலச் சிரித்தான்” என்று எழுதினால் போதும், அந்தச் சிரிப்பை வாசகர் மூலத்திலிருந்து கொண்டுவந்துவிடுவார். அவனை நேசிக்க வைக்கும் வேலையை இன்னொரு எழுத்தாளர் ஏற்கெனவே செய்து முடித்திருக்கிறார். நாவலாக்கும்போது அந்த வேலையை நீங்களே செய்யவேண்டும். இதைச் சோதிக்க, மூலத்தை அறியாத ஒருவரிடம் முதல் மூன்று அத்தியாயத்தைக் கொடுங்கள். “இவனை ஏன் இவளுக்குப் பிடிச்சது?” என்று அவர் கேட்டால் அந்த இடம் இன்னும் இரவல்தான்.

படி 3: உரிக்க முடியாவிட்டால் அனுமதி கேளுங்கள்

பாத்திரம் அதே பாத்திரமாக இருந்தால்தான் கதை நிற்கும் என்றால், மூல ஆசிரியருக்கோ பதிப்பகத்துக்கோ எழுதிக் கேளுங்கள். அமேசன் 2013 முதல் 2018 வரை ‘கிண்டில் வேர்ல்ட்ஸ்’ என்று ஒன்றை நடத்தியது. உரிமையாளர் சம்மதித்த உலகங்களை வைத்து எவரும் எழுதி விற்கலாம், உரிமையாளருக்கும் பங்கு போகும். கேட்டுச் செய்ய வழி இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். கேளாமல் செய்தவர் கதையும் உண்டு. அமெரிக்க எழுத்தாளர் சாலிஞ்சரின் ‘த கட்சர் இன் த ரை’ நாவலில் வரும் புகழ்பெற்ற கதாநாயகனைக் கிழவனாக்கி ஒரு சுவீடன் எழுத்தாளர் 2009இல் நாவல் கொண்டுவந்தார். சாலிஞ்சர் வழக்குப் போட்டார். கடைசியில் 2011இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, மூலத்தின் உரிமைக்காலம் முடியும்வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் அதை வெளியிட முடியாது என்றாயிற்று.

பதில் வராவிட்டால் அதைச் சம்மதமாக எடுக்கக்கூடாது.

படி 4: கூட இருந்தவர்களை மறக்காதீர்கள்

பலரும் மூல ஆசிரியரை மட்டும் நினைத்துவிட்டு இதைத் தாண்டிப்போகிறார்கள். எனக்கு இதுதான் அதிகம் நோகிறது.

உங்கள் கதையை அத்தியாயம் அத்தியாயமாக வாசித்து எழுத்துப்பிழை திருத்தியது யார்? “அவளுக்கு ஒரு தங்கச்சி இருந்தால் நல்லாயிருக்கும்” என்று எழுதிய வாசகி யார்? அந்தத் தங்கச்சி இப்போது நாவலில் பாதி இடத்தில் இருக்கிறாளா? அட்டைப்படம் கீறித் தந்தது யார்? மூலத்தில் இல்லாமல் ரசிகர்கள் தங்களுக்குள் கதைத்துக் கதைத்து உருவாக்கிய விவரங்களும் இருக்கும். நாயகனுக்கு இருட்டென்றால் பயம் என்பது மாதிரி. அது மூல ஆசிரியருடையதும் அல்ல, உங்களுடையதும் அல்ல. அவர்கள் எல்லாரும் காசு எதிர்பாராமல் தந்தார்கள், அந்த இடத்தில் யாரும் காசு வாங்குவதில்லை என்ற நம்பிக்கையில் தந்தார்கள்.

ஆகவே பழைய கருத்துப் பதிவுகளையும் வட்ஸ்அப் உரையாடல்களையும் ஒருமுறை முழுக்க வாசியுங்கள். கதையை மாற்றிய யோசனை தந்தவருக்குத் தனியாக எழுதி, “நீங்கள் சொன்னது நாவலில் வருகிறது, சம்மதமா? நன்றியுரையில் எந்தப் பெயரைப் போடட்டும்?” என்று கேளுங்கள். புனைபெயரில் இருப்பவரின் உண்மைப் பெயரை அவர் சொல்லாமல் அச்சில் போட்டுவிடாதீர்கள். மறுத்தால் அந்தப் பகுதியை எடுத்துவிடுங்கள். திருத்தமோ ஓவியமோ பெரிய வேலையாக இருந்தால் பணம் கொடுங்கள். சிறிய தொகையாக இருந்தாலும் பேசித் தீர்மானித்துக் கொடுங்கள்.

படி 5: பழைய பதிவை என்ன செய்வது?

சத்தமில்லாமல் அழிக்கவேண்டாம். எடுக்கவேண்டியிருந்தால் சில கிழமைகளுக்கு முன்பே சொல்லுங்கள். இலவசமாக வாசித்தவர்கள்தான் உங்களை எழுத்தாளராக்கினார்கள்.

படி 6: பதிப்பாளரிடம் முதலே சொல்லுங்கள்

ஒப்பந்தங்களில் ‘இது என் சொந்தப் படைப்பு’ என்று உறுதி தரும் வாசகம் வழக்கமாக இருக்கும். கையெழுத்துக்கு முன் இது எங்கே, எப்படித் தொடங்கிய கதை என்று சொல்லிவிடுங்கள். கொழும்பில் பலர் தாங்களே அச்சகத்துக்குக் காசு கட்டிப் புத்தகம் போடுகிறார்கள். அப்படியென்றால் பதிப்பாளரும் நீங்கள்தான், முழுப் பொறுப்பும் உங்கள் தலையில். ஐஎஸ்பிஎன் என்கிற புத்தக அடையாள எண்ணை சுதந்திர வழியில் உள்ள தேசிய நூலகத்தில் எடுக்கலாம். அந்த எண் உரிமைச் சான்று அல்ல. இலங்கையில் பதிப்புரிமைக்குப் பதிவே தேவையில்லை, எழுதியவுடன் வந்துவிடுகிறது. மூல ஆசிரியருக்கும் அப்படித்தான் வந்தது.

முன்னுரையில் இப்படி எழுதலாம்: “இந்த நாவல் இன்ன படைப்பின் மீதான அன்பில், இணையத்தில் ரசிகர் கதையாகத் தொடங்கியது. பாத்திரங்களையும் நிகழ்வுகளையும் புதிதாக எழுதியிருக்கிறேன். அந்த ஆசிரியருக்கும் இந்த வெளியீட்டுக்கும் தொடர்பில்லை. அப்போது கூட வாசித்துத் திருத்தியவர்கள் இவர்கள்.” கீழே பெயர்களைப் போடுங்கள். பின்னட்டையில் மட்டும் மூல நாவலின் பெயரைப் போடவேண்டாம். முன்னுரையில் அது நன்றி. பின்னட்டைக்கு வந்தால் விளம்பரமாகிவிடும்.