பள்ளி வாசலில் ஓர் அழைப்பிதழ்: நியூஜெர்சிக்குப் புதிதாக வந்திருக்கும் குடும்பங்களுக்கு

நியூஜெர்சியில் வந்து இறங்கியதும் செய்ய வேண்டிய வேலைகளை யாராவது உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். சோஷியல் செக்யூரிட்டி எண், வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம், பிள்ளைகளுக்குத் தடுப்பூசிச் சான்று, பள்ளிச் சேர்க்கை. அவற்றோடு சேர்த்து இன்னொன்றையும் நான் சொல்ல விரும்புகிறேன். உங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளிக்குள் ஓர் அரங்கம் இருக்கிறது. அங்கே போங்கள். உங்கள் பிள்ளை இன்னும் கிண்டர்கார்டனில் இருந்தாலும் போங்கள்; பிள்ளையே இல்லாவிட்டாலும் போங்கள்.

நாங்கள் வந்த முதல் இரண்டு ஆண்டுகள் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. மேடையில் ஏறும் பிள்ளைகளின் பெற்றோருக்கு மட்டும் நடக்கும் நிகழ்ச்சி என்று நினைத்துவிட்டோம். பள்ளி வாசலில் உள்ள மின்பலகையில் நாடகத்தின் பெயரும் தேதியும் ஓடிக்கொண்டே இருக்கும். தினமும் அதைக் கடந்துதான் வேலைக்குப் போவேன். வீட்டுக்கு வந்து பத்திரிகை வைத்து அழைத்தால்தான் ஒரு விசேஷத்துக்குப் போவது நம் வழக்கம். இங்கே அந்தப் பலகைதான் வெற்றிலை பாக்கு. தனியாக யாரும் வந்து கூப்பிட மாட்டார்கள்.

ஆண்டு முழுவதும் என்ன நடக்கும் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். செப்டம்பரில் பள்ளி திறந்து, பிள்ளைகள் நிலைகொண்டபின், நவம்பர் வாக்கில் பாட்டில்லாத வசன நாடகம் ஒன்று வரும். டிசம்பரில் பேண்ட் வாத்தியக் குழு, ஆர்க்கெஸ்ட்ரா, கொயர் எனப்படும் பாடகர் குழு என்று தனித்தனியாகக் கச்சேரிகள். பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரைக்குள் மியூசிக்கல் எனப்படும் இசை நாடகம். அதுதான் பெரிய திருவிழா. மே மாதம் மீண்டும் கச்சேரிகள். இடையிடையே பல பண்பாட்டு மாலை, திறமைக் காட்சி, குடும்பத்தோடு படம் பார்க்கும் இரவு என்று ஏதாவது நடந்துகொண்டிருக்கும். ஜூன் வந்தால் வெளி நடனப் பள்ளிகள் அதே அரங்கை வாடகைக்கு எடுத்து ஆண்டு விழா நடத்தும்.

சென்னையில் மார்கழி வந்தால் சபாக்கள் நிறைவதுபோல, இங்கே டிசம்பர் வந்தால் ஊருக்கு ஊர் நட்கிராக்கர் பாலே. சாய்கோவ்ஸ்கி இசையமைத்து 1892-ல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அரங்கேறிய படைப்பு அது. அமெரிக்காவில் முழுமையாக முதலில் ஆடப்பட்டது 1944-ல், சான் பிரான்சிஸ்கோவில். 1954-ல் நியூயார்க்கில் ஜார்ஜ் பாலன்சைன் அமைத்த வடிவம் வந்தபின் அது கிறிஸ்துமஸ் காலத்து வழக்கமாகவே வேரூன்றிவிட்டது. உள்ளூர் பாலே பள்ளிகள் பல, பள்ளி அரங்குகளில்தான் அதை ஆடுகின்றன. ஐந்து வயதுக் குழந்தைகள்கூட எலியாகவும் சிப்பாயாகவும் வருவார்கள். பரதநாட்டியம் கற்கும் உங்கள் மகளை அழைத்துப் போங்கள். கை முத்திரையும் கண்ணும் பேசப் பழகியவள், கால் விரல் நுனியில் நின்று ஒரு கதை சொல்லப்படுவதைப் பார்க்கட்டும். திரும்பி வரும் வழியில் அவள் கேட்கும் கேள்விகளுக்காகவே அந்த டிக்கெட்டை வாங்கலாம்.

இனி மியூசிக்கல். பெரும்பாலும் வியாழன், வெள்ளி, சனி மாலைகளில் நடக்கும். சில பள்ளிகளில் ஞாயிறு பிற்பகலும் ஒரு காட்சி உண்டு. டிக்கெட் பல இடங்களில் 10 முதல் 20 டாலருக்குள் இருக்கும். மாணவர்களுக்கும் முதியவர்களுக்கும் அதிலும் குறைவு. தொடக்கப் பள்ளிக் கச்சேரிகள் அநேகமாக இலவசம். மணி நேரப் பயணத்தில் இருக்கும் நியூயார்க்கின் நாடக வீதியான பிராட்வேயில் நால்வர் கொண்ட குடும்பம் ஒரு காட்சி பார்க்க ஆகும் செலவில், இங்கே சில ஆண்டுகளுக்குப் பார்க்கலாம்.

விலை குறைவு என்பதால் தரத்தையும் குறைவாக எண்ணிவிடாதீர்கள். மேடைக்கு முன்னால் தாழ்ந்திருக்கும் குழியில் உட்கார்ந்து வாசிக்கும் வாத்தியக் குழுவில் பெரும்பாலோர் மாணவர்கள். விளக்கை இயக்குவது, ஒலிவாங்கிகளைக் கவனிப்பது, கறுப்பு உடையில் இருட்டோடு இருட்டாக வந்து அரங்கப் பொருள்களை நகர்த்துவது எல்லாம் அவர்களே. மில்பர்ன் ஊரில் உள்ள பேப்பர் மில் பிளேஹவுஸ் என்ற புகழ்பெற்ற நாடகக் கொட்டகை, இந்த மாநிலத்தின் பள்ளி மியூசிக்கல்களைப் பார்த்து மதிப்பிட்டு ரைசிங் ஸ்டார் விருதுகள் வழங்குகிறது. நாடு முழுவதற்குமான பள்ளி இசை நாடகப் போட்டியான ஜிம்மி விருதுகள் 2009-லிருந்து நியூயார்க்கில் நடக்கின்றன. நம் ஊரில் மாவட்ட அளவிலான விளையாட்டுக்கு என்ன மரியாதையோ, அந்த மரியாதை இங்கே நாடகத்துக்கும் உண்டு.

குழந்தைகள் சிறியவர்கள் என்றால் நடுநிலைப் பள்ளியின் மியூசிக்கலில் தொடங்குங்கள். மேடையேற்றும் உரிமையை வழங்கும் நிறுவனங்களே பெரிய நாடகங்களை ஜூனியர் என்ற பெயரில் சுமார் ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கித் தருகின்றன. இடைவேளையோடு இரண்டரை மணி நேரம் ஓடும் முழு நாடகத்துக்கு நான்கு வயதுப் பிள்ளை தாங்காது.

அரங்க ஒழுங்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் இதில்தான் சங்கடப்படுகிறார்கள். 7 மணி என்றால் 7 மணி. சிறப்பு விருந்தினர் வரவுக்காகக் காத்திருப்பதும், பொன்னாடையும், வரவேற்புரையும் இங்கே இல்லை. ஒருமுறை நாங்கள் எட்டு நிமிடம் தாமதமாகப் போனோம். கதவருகே நின்ற மாணவி மிகுந்த மரியாதையோடு தடுத்து நிறுத்திவிட்டாள். முதல் பாட்டு முடிந்து கைதட்டல் எழும்போதுதான் உள்ளே விட்டாள். அந்த முதல் பாட்டில்தான் எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் தனியாக டிரம்பெட் வாசித்தானாம். அவன் அம்மாவிடம் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று. இன்றும் அது எனக்கு வருத்தம்தான்.

படமும் வீடியோவும் எடுக்கத் தடை என்று தொடக்கத்தில் அறிவிப்பார்கள். ஏதோ கண்டிப்புக்காகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். நாடகத்தை மேடையேற்றும் உரிமையைப் பள்ளி நிர்வாகம் கட்டணம் கட்டி வாங்கியிருக்கிறது. பதிவு செய்யும் உரிமை பல நேரங்களில் அதில் சேராது. உங்கள் பிள்ளையைப் படம் பிடிக்க, நாடகம் முடிந்தபின் வரவேற்புக் கூடத்தில் வேண்டிய நேரம் கிடைக்கும். நாடகத்தில் ஒவ்வொரு பாட்டுக்கும் கைதட்டலாம். ஆர்க்கெஸ்ட்ரா கச்சேரி அப்படியல்ல. ஒரே படைப்பின் பகுதிகளுக்கு நடுவே மௌனம் வரும், அப்போது தட்டக் கூடாது. வாத்தியக் குழுவை நடத்துபவர் கையைக் கீழே இறக்கிப் பார்வையாளர் பக்கம் திரும்பும்வரை பொறுத்திருங்கள். குழந்தை அழுதால் உடனே எழுந்து வெளியே போய்விடுங்கள். யாரும் தவறாக எண்ண மாட்டார்கள், கதவோரத்து இருக்கையாகப் பார்த்து வாங்கியிருந்தால் இன்னும் நல்லது.

அரங்கினுள் சாப்பாடு கூடாது. வெளியே குக்கீயும் தண்ணீரும் பூங்கொத்தும் விற்பார்கள். விற்பவர்கள் பெற்றோர் சங்கத்தினர், அந்தப் பணம் நடிப்பவர்களின் உடைகளுக்கும் மேடை அமைப்புக்கான மரப்பலகைகளுக்கும் போகிறது. ஆகவே வீட்டிலிருந்து முறுக்கு எடுத்துப் போவதை விட்டு அங்கே ஐந்து டாலர் செலவு செய்யுங்கள். விற்பனைக்கு நிற்கவும் ஆள் எப்போதும் தேவைப்படும். நீங்களே முன்வந்து ஒரு மாலை நின்றால், ஓர் ஆண்டு வணக்கம் சொல்லிப் பெற முடியாத அறிமுகங்கள் கிடைக்கும்.

உங்கள் பிள்ளைக்குச் சேர ஆசை இருந்தால், வசந்தகால மியூசிக்கலுக்கான ஆடிஷன் எனப்படும் நடிகர் தேர்வு பல பள்ளிகளில் நவம்பர், டிசம்பரிலேயே நடந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள். ஒரு பாட்டின் சிறு பகுதியைப் பாடச் சொல்வார்கள். சேர்க்கைப் படிவத்தில், எந்தெந்த நாள்களில் ஒத்திகைக்கு வர முடியாது என்று கேட்டிருப்பார்கள். தமிழ்ப் பள்ளி வகுப்பு, நடன வகுப்பு, பொங்கல் விழா அனைத்தையும் அங்கே கூச்சமின்றி எழுதுங்கள். முன்கூட்டி எழுதியதை மதிப்பார்கள். கடைசி நேரத்தில் சொன்னால்தான் சிக்கல். காட்சிக்கு முந்தைய வாரத்தை டெக் வீக் என்பார்கள். அந்த வாரம் பிள்ளை இரவு 9 மணிக்குத்தான் வீடு திரும்பும். உறவினர் வருகையை அந்த வாரத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். மேடை ஏறப் போகிறவரிடம் 'பிரேக் எ லெக்' என்று சொல்வார்கள். காலை உடைத்துக்கொள் என்ற பொருளைக் கேட்டுத் திடுக்கிடாதீர்கள், அது வாழ்த்து.

மேடைக் கூச்சமுள்ள பிள்ளையா? அதற்காகக் கதவு மூடிவிடவில்லை. மேடைக்குப் பின்னால் ரம்பம் பிடித்து அறுக்கவும், வண்ணம் அடிக்கவும், விளக்கு அட்டவணை எழுதவும் பிள்ளைகளைத் தேடிக்கொண்டே இருப்பார்கள். நம்மில் பலர் கணக்குக்கும் அறிவியலுக்கும் கூடுதல் வகுப்பு தேடி அலைகிறோம். ஒரு படிக்கட்டு நான்கு பேரின் எடையைத் தாங்குமா என்று பதினைந்து வயதில் கையால் செய்து பார்ப்பதும் படிப்புதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கர்நாடக வயலின் கற்ற பிள்ளைகளுக்கு ஒரு சொல். தரையில் சம்மணமிட்டு, வயலினின் தலையைப் பாதத்தில் ஊன்றி வாசித்துப் பழகியவர்கள் இங்கே நாற்காலியில் அமர்ந்து தோளில் வைத்துப் பிடிக்க வேண்டும். வாசிக்க வேண்டியது காகிதத்தில் கோடுகளில் எழுதியிருக்கும். முதல் சில மாதங்கள் திணறுவார்கள். காது ஏற்கெனவே பழகியிருப்பதால் பிறகு பிடித்துக்கொள்வார்கள். அந்தக் கருவி மேற்கிலிருந்து வந்து, பாலுசாமி தீட்சிதர், தஞ்சை வடிவேலு ஆகியோரின் கைகளில் நம்முடையதாகி இருநூறு ஆண்டுகள் ஆகின்றன என்பதை அவர்களிடம் சொல்லுங்கள். இரண்டு பிடிகளையும் விடாமல் வைத்துக்கொள்ளட்டும்.

நம் விழாக்களும் இதே அரங்குகளில்தான் நடக்கின்றன. தமிழ்ப் பள்ளி ஆண்டு விழா, பொங்கல் கொண்டாட்டம், அரங்கேற்றம் எல்லாவற்றுக்கும் பொதுப் பள்ளி அரங்கை வாடகைக்கு எடுக்கலாம். கல்வி வாரிய அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வாடகையோடு பொறுப்புக் காப்பீட்டுச் சான்று, துப்புரவுப் பணியாளருக்கான கட்டணம், ஒளி ஒலி இயக்குபவருக்கான கட்டணம் எல்லாம் சேரும். லாப நோக்கற்ற அமைப்புகளுக்குச் சலுகை உண்டா என்று கேளுங்கள். குத்துவிளக்கில் திரியேற்றவும் கற்பூரம் காட்டவும் தீ விதிகள் பெரும்பாலும் இடம் தராது. மின்விளக்குத் திரியை முன்பே வாங்கி வையுங்கள். மே, ஜூன் வார இறுதிகளுக்கு ஓராண்டு முன்னரே கேட்பது நல்லது. நிகழ்ச்சி நீண்டால் கூடுதல் நேரக் கட்டணம் மட்டுமல்ல, வேலை முடித்து வீட்டுக்குப் போக வேண்டிய ஒருவர் நமக்காகக் காத்திருக்கிறார். அதை நம் விழாக் குழுக்கள் மனத்தில் வைக்க வேண்டும்.

சக்கர நாற்காலிக்கும் உடன் வருபவருக்கும் இடம் ஒதுக்கியிருப்பார்கள். 1990-ன் மாற்றுத்திறனாளிகள் சட்டம் அதை உறுதி செய்கிறது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்காக ஒலியையும் ஒளியையும் மட்டுப்படுத்தி, நடுவில் எழுந்து நடக்கவும் அனுமதிக்கும் காட்சிகளைப் பிராட்வே 2011-ல் தொடங்கியது. உங்கள் ஊரில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று கேட்கத் தயங்காதீர்கள்.

ஊரிலிருந்து அப்பா அம்மா ஆறு மாதம் வந்து தங்கியிருப்பார்கள். பனிக்காலத்தில் நாள் முழுவதும் வீட்டுக்குள்ளேயே அடைந்துகிடப்பார்கள். அவர்களுக்காக ஒன்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பல பள்ளிகள் முதல் காட்சிக்கு முன்னால், ஊரின் முதியவர்களுக்கென்று ஒரு காட்சியை இலவசமாக நடத்துகின்றன. சில இடங்களில் சிற்றுண்டியும் உண்டு. என் அம்மாவை அப்படி ஒரு புதன்கிழமை பிற்பகலில் அழைத்துப் போனேன். ஆங்கிலம் அவருக்குத் தெரியாது. கதையைப் பாதி வழியில் நான் காதோரம் சொல்லத் தொடங்கியபோது, "எனக்குப் புரிகிறது, நீ பேசாமல் இரு" என்றார். முடிந்ததும் பிள்ளைகள் ஒப்பனையோடே வரவேற்புக் கூடத்துக்கு வந்து வரிசையாக நின்றார்கள். கதாநாயகியாகப் பாடிய பெண்ணின் முன்னால் அம்மா நின்று, இரண்டு கைகளாலும் அவள் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியோரம் வைத்து நெட்டி முறித்தார். அந்தப் பெண் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். "கண் படக் கூடாதென்று செய்கிறார்" என்றேன். அவள் பக்கத்தில் நின்ற தோழியின் கையைப் பிடித்து இழுத்து, அவளுக்கும் செய்யச் சொன்னாள்.