240 வரி, 12 தோப்பு: வெள்ளை ஈ கணக்கை வைத்து ஆர் கற்பது

புள்ளியியல் கணக்குக்கான கணினி மொழி ஆர். அதை இலக்கணத்திலிருந்து தொடங்காதீர்கள். சொந்த டேட்டாவிலிருந்து தொடங்குங்கள். ஆனைமலைப் பக்கம் 6 தென்னந்தோப்பு, கேரள எல்லை தாண்டிக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் 6 தோப்பு என்று வைத்துக்கொள்வோம். தோப்புக்கு 5 மரம், மரத்துக்கு 4 சிற்றிலை. ஒவ்வொன்றின் அடிப்புறத்திலும் ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ எத்தனை என்று எண்ணியாயிற்று. ஆக 240 வரி.

முதலில் ஆர், அதன்பின் அதில் எழுதி ஓட்ட உதவும் ஆர்ஸ்டுடியோ என்ற வரிசையில் நிறுவுங்கள். விண்டோஸில் 2022இல் வந்த ஆர் 4.2 பதிப்போ அதற்குப் பிந்தியதோ இருந்தால்தான் தமிழ் எழுத்து ஒழுங்காக வரும். ஆர்ஸ்டுடியோவில் டூல்ஸ், குளோபல் ஆப்ஷன்ஸ் போய், பழைய ஆர்டேட்டாவை (சென்ற முறை நினைவில் இருந்ததைச் சேமித்த கோப்பு) மீட்டெடுக்கும் டிக்கை எடுத்துவிட்டு, சேமிப்பதை 'நெவர்' ஆக்குங்கள். இல்லையென்றால் நேற்று உருவாக்கிய பொருள் இன்றும் நினைவில் கிடக்கும். ஸ்கிரிப்டில், அதாவது கட்டளைகளை எழுதிய கோப்பில், அதை உருவாக்கும் வரி அழிந்துபோனதே தெரியாது. ஆய்வு வழிகாட்டியான கைடின் கணினியில் ஓட்டும்போதுதான் உடையும்.

எக்செலில் ஒரு சிற்றிலைக்கு ஒரு வரி. தலைப்புகள் ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல். தேதியை 2024-04-03 என்று ஆண்டு முன்னால் வர எழுதுங்கள். 03/04 என்றால் ஏப்ரலா மார்ச்சா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. ஈ இல்லாத இலைக்கு 0. மரமேறி வராததால் எண்ணாமல் விட்ட இலைக்கு வெற்றிடம். இந்த இரண்டையும் கலந்தால் சராசரி பொய்யாகிவிடும், அதை எந்தக் கட்டளையாலும் சரிசெய்ய முடியாது. ஊர்ப்பெயர் தமிழில் இருந்தால் 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்று சேமியுங்கள், இல்லாவிட்டால் கேள்விக்குறிகளே மிஞ்சும். மூலக் கோப்பைக் கையால் திருத்த வேண்டாம். திருத்தம் எல்லாம் ஸ்கிரிப்டில் நடக்கட்டும்.

ரீட்.சிஎஸ்வி கொண்டு உள்ளே எடுத்ததும் எஸ்டிஆர் கட்டளையை ஓட்டுங்கள்; எந்தப் பத்தி எண், எது எழுத்து என்று அது காட்டும். எண்ணிக்கைப் பத்தி 'சிஎச்ஆர்' (எழுத்து) என்று காட்டினால் எங்கோ ஒரு கட்டத்தில் "இல்லை" என்றோ "12?" என்றோ எழுதியிருக்கிறீர்கள். அடுத்து, ஒவ்வொரு பெயரும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணும் டேபிள் கட்டளை. 2 பக்கத்துக்குப் பதில் 4 பெயர் வந்தால் ஆனைமலை, ஆனமலை, பின்னால் ஒரு ஸ்பேஸ் ஒட்டியது என்று பிரிந்திருக்கும். ஸ்பேஸை ட்ரிம்டபிள்யூஎஸ் எடுத்துவிடும். எழுத்துப்பிழையை நீங்கள்தான் பெயர் சொல்லித் திருத்த வேண்டும்.

இனி மாணவர்கள் பெரும்பாலும் வழுக்கும் இடம். இரு பக்கத்தையும் ஒப்பிட 240 வரியையும் இரு சராசரிகளை ஒப்பிடும் டி-சோதனையில் போட்டால் டிகிரி ஆஃப் ஃப்ரீடம் (கையில் உள்ள சுதந்திரமான தகவலின் அளவு) 238 வரை போகும், பி-மதிப்பு (வேறுபாடே இல்லாதபோதும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு) மிகச் சிறிதாக வரும். ஆர் ஒரு எச்சரிக்கையும் தராது. ஆனால் ஒரே மரத்தின் நாலு சிற்றிலையும் ஒன்றுபோலவே இருக்கும்; ஒரே தோப்பின் மரங்களுக்கு ஒரே தண்ணீர், ஒரே மருந்து. பக்கம் என்ற கேள்விக்கு உங்களிடம் இருப்பது 12 தோப்புதான். அக்ரிகேட் கட்டளையில் தோப்புச் சராசரி எடுத்து அதே சோதனையைச் செய்தால் டிகிரி 10ஐத் தாண்டாது. முதலில் இதைச் செய்து பார்ப்பதே நல்லது, எளிது, நேர்மையானது.

பிறகு மாடலுக்குப் போகலாம். ஈக்கள் கூட்டமாக ஒட்டும். சில இலையில் 0, சிலவற்றில் 80. வேரியன்ஸ், அதாவது எண்களின் சிதறல், சராசரியைவிடப் பன்மடங்கு இருக்கும்; இரண்டும் சமம் என்று கொள்ளும் பாய்ஸான் மாடல் இதைத் தாங்காது. ஜிஎல்எம்எம்டிஎம்பி பேக்கேஜில் (ஆரில் கூடுதலாக நிறுவும் கட்டளைத் தொகுப்பு) இந்தச் சிதறலுக்கு இடம் தரும் நெகட்டிவ் பைனாமியல் குடும்பத்தை, அதாவது என்பினாம்2ஐ எடுங்கள். தோப்புக்குத் தோப்பு, மரத்துக்கு மரம் உள்ள மாறுபாட்டைச் சொல்லும் ரேண்டம் பகுதியை (1 | தோப்பு/மரம்) என்ற வடிவில் எழுதுங்கள். சாய்கோட்டை விட்டுவிட்டு மரத்தை மட்டும் எழுதினால், எல்லாத் தோப்பிலும் உள்ள '1ஆம் மரம்' ஒரே மரம் என்று ஆர் எடுத்துக்கொள்ளும். தோப்பு 5க்கும் குறைவு என்றால் தோப்புக்குத் தோப்பு உள்ள மாறுபாட்டை நம்பும்படி மதிப்பிட முடியாது. பொருத்தம் எப்படி என்று டார்மா பேக்கேஜின் படங்களில் பாருங்கள்.

மாடல் சரியா என்று அறிய, களத்துக்குப் போகும் முன்பே செய்யக்கூடிய பயிற்சி ஒன்று உண்டு. அதிகம் கற்றுத்தருவதும் இதுதான். நெகட்டிவ் பைனாமியல் எண்களைத் தற்செயலாக உருவாக்கும் ஆர்என்பினாம் கொண்டு, இரு பக்கத்துக்கும் வேறுபாடே இல்லாத, ஆனால் தோப்புக்குத் தோப்பு மாறும் 240 பொய் எண்களை உருவாக்குங்கள். ஒவ்வொரு முறையும் அதே எண்கள் வரச் செட்.சீட் போட்டு, ரெப்ளிகேட்டில் 1000 முறை ஓட்டி, பி-மதிப்பு 0.05க்குக் கீழே எத்தனை முறை விழுகிறது என்று எண்ணுங்கள். ஏறத்தாழ 50, அதாவது 1000இல் 5 சதவீதம், வந்தால் உங்கள் முறை சரி. 300 வந்தால் தோப்பை எங்கோ மறந்திருக்கிறீர்கள்.