மாமியார் ஊர் இஸ்தான்புல்: ஒரே நாளில் சுற்றிப் பார்ப்பது எப்படி?

என் மனைவி இஸ்தான்புல்காரி. அதிலும் ஆசியக் கரை, காடிக்கோய். கல்யாணமாகி முதல் தடவை போனபோது ஒரே நாளில் 11 இடம் பார்க்கப் பட்டியல் போட்டேன். நாலாவது இடத்தில் கால் வீங்கிவிட்டது. மாமியார் வீட்டுக்குப் போய்ச் சேர இரவு ஒன்பது. இப்போது யார் கேட்டாலும் நான் சொல்லும் கணக்கு இதுதான்: பாதி நாள் ஊருக்கு, பாதி நாள் வீட்டுக்கு.

படி 1: கிழமை பாருங்கள்

டோப்காப்பி அரண்மனைக்குச் செவ்வாய் லீவு, கிராண்ட் பஜாருக்கு ஞாயிறு. வெள்ளி மதியம் மசூதிகளில் தொழுகை, வேடிக்கை பார்க்க விடமாட்டார்கள். புதன் அல்லது வியாழன் உத்தமம்.

படி 2: கார்டு வாங்குங்கள்

பெயர் இஸ்தான்புல்கார்ட். டிராம், மெட்ரோ, படகு எல்லாவற்றுக்கும் இது ஒன்றே. ஸ்டேஷன் மெஷினில் கிடைக்கும். புருஷன் பெண்டாட்டிக்கு ஒரே கார்டு போதும், இரண்டு தடவை தட்டினால் ஆயிற்று.

படி 3: காலை எட்டரைக்கு சுல்தானாமெட்

டி1 டிராமில் வந்து இறங்குங்கள். அயா சோஃபியாவும் ஆறு மினாரா உள்ள நீல மசூதியும் எதிரெதிரே நிற்கும். நீல மசூதிக்குக் கட்டணம் கிடையாது. பெண்கள் தலைக்கு ஒரு துப்பட்டா வைத்துக்கொள்ளுங்கள். செருப்பைக் கழற்ற வேண்டும், நமக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை.

அயா சோஃபியா 537-இல் தேவாலயமாகக் கட்டி முடிக்கப்பட்டது. 1453-இல் மசூதி, 1930-களில் மியூசியம், 2020-இல் மறுபடி மசூதி. 2024 ஜனவரி முதல் வெளிநாட்டுப் பயணிகளுக்குத் தனி வாசல், மேல்மாடம் மட்டும், 25 யூரோ. காசு அதிகம்தான். ஆனால் மேலே பளிங்குக் கைப்பிடிச் சுவரை உற்றுப் பாருங்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன் காவலுக்கு வந்த ஒரு வைக்கிங், அதாவது வட ஐரோப்பியப் போர்வீரன், தன் பெயரைக் கீறி வைத்திருக்கிறான். ‘ஹால்ஃப்தான்’ என்பது மட்டும்தான் இப்போது படிக்க முடிகிறது. மலைக்கோட்டைப் பாறையில் பெயர் எழுதும் நம் பையன்களுக்கு அவன் மூத்த அண்ணன்.

நேரம் இருந்தால் பக்கத்திலேயே நிலத்தடி நீர்த்தொட்டி. 336 தூண்கள். கடைசி மூலையில், கிரேக்கப் புராணத்தின் பாம்புக் கூந்தல்காரி மெதுசாவின் இரண்டு கல் தலைகள், ஒன்று தலைகீழாக, ஒன்று பக்கவாட்டில். இதற்கு மேல் எதையும் சேர்க்காதீர்கள். டோப்காப்பி அடுத்த தடவைக்கு. மாமியார் ஊர் எங்கே ஓடிவிடப் போகிறது?

படி 4: படகு ஏறுங்கள்

எமினோனு படகுத்துறையில் ஆளுக்கொரு சிமித் வாங்கிக்கொள்ளுங்கள். எள் ஒட்டிய வளைய ரொட்டி அது. காடிக்கோய் என்று பலகை பார்த்து ஏறுங்கள். திறந்த பின்தளத்தில் உட்காருங்கள். பணியாள் தட்டில் டீ கொண்டுவருவார், இடுப்பு சிறுத்த குட்டிக் கிளாஸில். பால் கேட்காதீர்கள்.

சுமார் 20 நிமிஷம்தான். ஆனால் இந்த நாளிலேயே மலிவான, எனக்குப் பிடித்த காட்சி இதுதான். வலப்பக்கம் அரண்மனை, பின்னால் மசூதிக் கோபுரங்கள், இடப்பக்கம் கடலுக்குள் கன்னிக் கோபுரம். சிமித்தைப் பிய்த்து வீசினால் கடற்புறா அந்தரத்திலேயே கவ்வும். விரலில் பிடித்து நீட்டாதீர்கள், கொத்து வாங்கியவன் சொல்கிறேன்.

காடிக்கோயின் பழைய பெயர் கால்செடோன். எதிர்க்கரையில் அவ்வளவு நல்ல இடம் காலியாகக் கிடக்க, இங்கே வந்து ஊர் கட்டியவர்கள் குருடர்களாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒரு பாரசீகத் தளபதி சொன்னதாகப் பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோடஸ் எழுதியிருக்கிறார். என் மனைவியிடம் இதைச் சொல்லிக் கிண்டல் செய்தேன். “அந்தக் கரையில இருந்தா அந்தக் கரையோட அழகு தெரியுமா? இங்க இருந்து பார்த்தாதானே தெரியும்” என்றாள்.

படி 5: மேப்பை மூடுங்கள்

கரை இறங்கியதும் உங்கள் ஆளை முன்னால் விட்டுப் பின்னால் நடங்கள். நண்பர்கள் சந்திக்கும் காளைச் சிலை, மீன் கடைத் தெரு, ஸ்கூல் விட்டதும் என் மனைவி ஊறுகாய்த் தண்ணீர் வாங்கிக் குடித்த கடை. ஆம், தண்ணீரைத்தான், கிளாஸில் ஊற்றித் தருவார்கள். நான் இரண்டு மடக்கில் நிறுத்திவிட்டேன்.

படி 6: மாமியார் வீடு

வாசலில் ஷூவைக் கழற்றினால் வீட்டுச் செருப்பு தருவார்கள், போட்டுக்கொள்ளுங்கள். பெரியவர்கள் கையை முத்தமிட்டு உங்கள் நெற்றியில் ஒற்றிக்கொள்ளுங்கள். உட்கார்ந்ததும் உள்ளங்கையில் எலுமிச்சை மணக்கும் கொலோன்யா ஊற்றுவார்கள். கல்யாண வாசலில் பன்னீர் தெளிப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். குடித்துவிடாதீர்கள். அம்மாவைத் துருக்கியில் ‘அன்னே’ என்பார்கள். தமிழனுக்கு இதைவிட வசதி வேண்டுமா? அன்னை என்று கூப்பிட்டாலே மாமியார் முகம் மலர்ந்துவிடும். சாப்பிட்டு எழும்போது ‘எலினிஸே சாலிக்’ சொல்லுங்கள். சமைத்த கை நல்லா இருக்கட்டும் என்று பொருள்.

பிறகு டீ வரும், வந்துகொண்டே இருக்கும். நம் தலையாட்டல் அங்கே செல்லாது. நான் போதும் என்று ஆட்டினேன், அவர் சரி என்று எடுத்துக்கொண்டு ஊற்றினார். போதுமென்றால் டீஸ்பூனைக் கிளாஸ் வாய்மேல் குறுக்காக வைக்க வேண்டுமாம். என் மனைவிக்கு இது ஞாபகம் வந்தபோது நான் ஏழாவது கிளாஸில் இருந்தேன்.